இடது கன்னத்து ரிவிட்

மகளுக்கு ஐந்து லட்சம் என்று விலை வைத்தவர் அவளைப் பெற்ற அப்பாவேதான். மனைவி பத்து என்றுதான் ஆரம்பித்தாள். யார் எந்தத் தொகையைச் சொன்னாலும் அதைப் பாதியாக வெட்டி, அங்கிருந்து பேச்சைத் தொடங்குவது அவருக்குக் கொட்டாவி மாதிரி, தானாக வரும். மொத்த வியாபாரத் தெருவில் அவரை முகத்துக்கு நேரே முதலாளி என்பார்கள். தலை மறைந்ததும் அரைவிலையார் என்பார்கள்.

"அஞ்சு போதும்," என்றார். "பத்துன்னு போட்டா இருக்கற திருட்டுப்பய எல்லாம் பொண்ணப் பாத்தேன்னு கிளம்பி வந்துடுவான்."

அழுதுகொண்டிருந்த மனைவிக்கு எதிர்பேரம் பேசத் தெம்பில்லை. கண்டுபிடித்துத் தருபவருக்கு ஐந்து லட்சம் என்று முடிவாயிற்று.

அவர் விற்பது பிளாஸ்டிக் சாமான். வாளி, தொட்டி, நாற்காலி, மூடியுள்ள டப்பா, மூடி தொலைந்த டப்பாவுக்குத் தனியாக மூடி. இதையெல்லாம் ஏற்றிக்கொண்டு அவருடைய கூண்டு லாரி வாரம் முழுக்க ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கும். மகள் காணாமல் போன மூன்றாம் நாள் அந்த லாரியைப் பார்த்ததும் அவருக்கு யோசனை வந்தது. சுவரொட்டி அடித்தால் மழையில் கிழியும், ஒட்ட ஆள்கூலி ஆகும். லாரி எப்படியும் ஓடுகிறது, டீசல் எப்படியும் போட்டாகிறது, பக்கவாட்டில் அலுமினியத் தகடு சும்மாதானே கிடக்கிறது? மகளின் முகத்தை அதில் ஒட்டிவிட்டால் வாளி போகிற ஊருக்கெல்லாம் அவளும் போவாள்.

அவள் ஏன் போனாள் என்பது வீட்டில் இருந்த இருவருக்கும் தெரியும். பதினோரு வயதிலிருந்து அவளுக்கு வலிப்பு உண்டு. காலையில் ஒரு மாத்திரை, ராத்திரி ஒரு மாத்திரை. தவறாமல் போட்டால் வலிப்பு வராது. கடைசியாக வந்து பல வருஷம் ஆகிவிட்டது. பெண் பார்க்க வந்தவர்களிடம் அவர், "என் பொண்ணுக்கு ஒரு தலைவலி கூட வந்ததில்ல," என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, அவள் எதிரே உட்கார்ந்து, நேரம் கேட்டால் சொல்கிற குரலில், "எனக்கு வலிப்பு இருக்கு, மாத்திரை சாப்பிடறேன்," என்று சொல்லிவிட்டாள். வந்தவர்கள் மரியாதையாக எழுந்து போனார்கள். செருப்பைக்கூட வாசலில் சத்தமில்லாமல்தான் மாட்டினார்கள்.

அதற்கப்புறம் அவர் மகளிடம் ஒரு வார்த்தை சொன்னார். "விரிசல் விட்ட வாளியக்கூட நான் வித்திருக்கேன். எந்த வாளியும் வாயத் திறந்ததில்ல."

மறுநாள் மத்தியானம் அவள் தோள்பையை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். போன் மேசைமேல் கிடந்தது. இழுப்பறையில் மாத்திரை அட்டைகளைக் காணோம். எத்தனை எடுத்துப் போனாள், எத்தனை நாளைக்கு வரும் என்று அம்மாவுக்கும் கணக்குத் தெரியவில்லை. போலீசில் புகார் கொடுத்தார்கள். மேஜர் பெண், தானாகப் போயிருக்கிறாள், பார்க்கிறோம் என்றார்கள்.

*

ஸ்டிக்கர்காரரின் கொட்டகையில் நாலு பக்கமும் தார்ப்பாய் தொங்கியது, தூசி வராமல் இருக்க. லாரியைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, ஸ்பிரிட் போட்டுத் துடைத்து நிறுத்தியிருந்தார்கள். ஸ்டிக்கர்காரர் தகட்டின் மேல் கட்டைவிரலை ஓட்டியபடியே ஒரு நடை நடந்து வந்து விலையைச் சொன்னார்.

"பாதி," என்றார் அரைவிலையார்.

"பாதிக்கு முகத்துல பாதிதான் வரும் முதலாளி. மூக்கு வரைக்கும் ஒட்டித் தரேன், பரவால்லயா?"

சொன்ன பிறகுதான் ஸ்டிக்கர்காரர், கூட வந்து கம்ப்யூட்டர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவியின் முகத்தைப் பார்த்தார். நாக்கைக் கடித்துக்கொண்டார். குரலை இறக்கினார்.

"தப்பா நினைக்காதீங்க. விஷயத்தச் சொல்லிடறேன். இது சமமான தகடு இல்ல. பாருங்க, தகடும் தகடும் சேர்ற இடத்துல மேலேர்ந்து கீழ வரைக்கும் ரிவிட் ஆணி அடிச்சிருக்கான். வினைல், அதான் இந்த ஸ்டிக்கர் ஷீட்டு, ரிவிட் மேல போனா கூடாரம் போட்ட மாதிரி தூக்கிட்டு நிக்கும், சுத்தி காத்து மாட்டிக்கும். ஊசியால குத்தி காத்த வெளிய விட்டு, சூடு காட்டி, பிரஷ்ஷால சுத்திச் சுத்தி உக்கார வைக்கணும். ஒவ்வொரு ரிவிட்டுக்கும் இதே சடங்கு. நல்ல ரகம்னா சொன்ன பேச்சு கேக்கும். மலிவு ரகம் இருக்கே, அதுக்கு ஞாபகசக்தி ஜாஸ்தி. அமுக்கி வச்சாலும், நான் தட்டையா இருந்தவனாச்சேன்னு மறுநாள் எந்திரிச்சுக்கும்."

"ஞாபகசக்தி நல்லதுதானேப்பா."

"மனுஷனுக்கு நல்லது. வினைலுக்கு ஆகாது. அத மறக்க வைக்கத்தான் இவ்வளவு சூடு காட்டறது."

"மலிவு ரகத்துக்கும் அதே சூட்டக் காட்டு. கொஞ்சம் கூடக் காட்டு. சூட்டுக்குத் தனியா காசா கேக்கப்போற?"

இப்படியாக மலிவு ரகம் முடிவாயிற்று. அடுத்த பேரம் முகத்தின் அளவில். ரிவிட் வரிசைக்கும் ரிவிட் வரிசைக்கும் நடுவில் அடங்குகிற மாதிரி முகத்தை வைத்தால் முகத்தில் ஒரு ரிவிட்டும் விழாது என்று ஸ்டிக்கர்காரர் திரையில் காட்டினார். அரைவிலையார் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார்.

"இத்தனூண்டா? பெருசா போட்டா ரேட்டு கூடுமா?"

"சதுர அடி கணக்குதான். ஒரு பக்கம் முழுசா ஒட்டறதால முகம் பெருசானாலும் அதே ரேட்டுதான். ஆனா முகத்துல..."

"அதே ரேட்டுன்னா பெருசா போடு. ரோட்டுல போறவன் கண்ணுக்குத் தெரியணும்."

முகம் பெரிதாயிற்று. ரிவிட் வரிசை ஒன்று அவளுடைய இடது நெற்றியில் இறங்கி, கன்னத்தின் நடுவாக, தாடையைத் தாண்டிப் போனது.

அம்மா எழுந்து திரைக்குக் கிட்ட வந்தாள். இப்போது ஸ்டிக்கர்காரரைப் பார்த்துச் சொன்னாள். "தம்பி, கீழ ஒரு வரி சேருங்க. வலிப்பு வரும், மாத்திரை அவசியம்னு."

"சேர்க்காத," என்றார் அரைவிலையார்.

"பாக்கறவங்களுக்குத் தெரிஞ்சா மாத்திரையாவது வாங்கிக் குடுப்பாங்க இல்ல?"

"நாளைக்கு அவ திரும்பி வந்ததும் யார் கட்டிக்குவான்? லாரில எழுதினதச் சுரண்டிடலாம். ஊர்க்காரன் வாயில எழுதினத எதால சுரண்டுவே?"

ஸ்டிக்கர்காரரின் விரல் கீபோர்டுக்கு மேலேயே நின்றது. புருஷனைப் பார்த்தார், பெண்டாட்டியைப் பார்த்தார். காசு கொடுப்பவர் யாரோ அவர் பேச்சுதான் கடைசிப் பேச்சு என்று தொழில் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தது. விரலை எடுத்துவிட்டார். படத்துக்குக் கீழே 'காணவில்லை' என்பதும், ஐந்து லட்சம் என்பதும், கடை நம்பரும் மட்டும் போயின.

ஒட்டுகிற வேலையை அரைவிலையார் பக்கத்தில் நின்றே பார்த்தார். கூலி கொடுத்த வேலையைக் கண்ணால் பார்த்தால்தான் அவருக்குச் செரிக்கும். பின்தாளை உரிக்க உரிக்க மகளின் நெற்றி, புருவம், கண் என்று வந்தது. ஸ்டிக்கர்காரர் துணி சுற்றிய பிளாஸ்டிக் தகட்டால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்த்துக்கொண்டே போனார். ரிவிட் வரிசை வந்ததும் தேய்ப்பை நிறுத்தினார். ஒவ்வொரு ரிவிட்டின் மேலும் வினைல் சின்னக் கூடாரமாக நின்றது. அம்மை போட்ட முகம் மாதிரி இருந்தது. அரைவிலையார் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஊசி குத்துகிற 'டப்' சத்தம், ஹீட் கன்னின் இரைச்சல், பிரஷ் வட்டமாகத் தேய்கிற சரசரப்பு. நெற்றி ரிவிட்டுகள் படிந்தன. கண்ணோரத்து ரிவிட் படிந்தது. கன்னத்து ரிவிட் மட்டும் பிடிவாதம் பிடித்தது. அமுக்கினால் உட்கார்ந்தது, கையை எடுத்தால் விளிம்பில் மெல்லத் தூக்கியது. ஸ்டிக்கர்காரர் இரண்டாம் முறை சூடு காட்டினார். மூன்றாம் முறை காட்டும்போது, "முதலாளி, இந்த ரகம் இதுக்கு மேல தாங்காது," என்றார்.

"தூக்கிட்டு நிக்குதே. காட்டு."

காட்டினார். வினைல் அடங்கி, ரிவிட்டின் தலையை இறுகப் பிடித்து உட்கார்ந்தது. ஆனால் அந்த இடத்தில் மட்டும் மை கருகிப் பழுப்பாகி, இன்னும் கொஞ்சம் பழுப்பாகி, கடைசியில் கறுத்துவிட்டது. மிளகளவு கறுப்பு.

"தெரியுதே," என்றார் அரைவிலையார்.

"பத்தடி தள்ளி நின்னா தெரியாது."

பத்தடி தள்ளி நின்று பார்த்தார். தெரிந்தது. இடது கன்னத்தில் அழகான ஒரு மச்சம். மகளுக்கு முகத்தில் மச்சமே கிடையாது. புதுசாக ஒட்டித் தர இன்னொரு ஷீட்டுக்குக் காசு கேட்பான் என்று கணக்குப் போட்டார். அந்தக் கறுப்பைக் காட்டிக் கூலியில் இன்னும் கொஞ்சம் பிடித்துக்கொண்டு லாரியைக் கிளப்பச் சொன்னார்.

*

லாரி ஒரு சுற்று வருவதற்குள் போன் அடிக்க ஆரம்பித்துவிட்டது. ஐந்து லட்சத்தின் மகிமை! ஒரே நாளில் அவளை ரயிலில் பார்த்தார்கள், படகில் பார்த்தார்கள், இரண்டு குழந்தைகளோடு கூடப் பார்த்தார்கள். முன்பணம் அனுப்பினால் கையைப் பிடித்து அழைத்து வருவதாக ஒருவன் சொன்னான். கடை வேலையை விட்டுவிட்டு இந்த அழைப்புகளையே கவனிக்க, மனைவியின் தம்பியைப் போனடியில் உட்கார வைத்தார்.

மைத்துனன்தான் முதலில் கவனித்தான். "மாமா, எல்லாரும் மச்சம்ங்கறாங்க."

"எந்த மச்சம்?"

"கன்னத்துல. நம்ம லாரி மச்சம்."

அரைவிலையார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்தத் தெருவில் ஒவ்வொரு கடைக்காரருக்கும் ஒரு ரகசிய எழுத்துக் கணக்கு உண்டு. சாமானின் அடியில் ஒட்டிய சீட்டில் ஏதோ இரண்டு எழுத்து இருக்கும். வாங்குகிறவருக்கு அது கிறுக்கல், விற்பவருக்கு அது அடக்க விலை. எவன் சரக்கு, எவன் போலிச் சரக்கு என்பதும் அந்த எழுத்திலேயே தெரிந்துவிடும். இப்போது தன் மகள் கன்னத்தில் தானாகவே ஒரு ரகசிய எழுத்து விழுந்திருப்பதாக அவருக்குத் தோன்றியது. மகள் போன பிறகு அவர் முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது.

"மாப்ளே, இனிமே யார் கூப்பிட்டாலும் நீ ஒரே ஒரு கேள்வி கேளு. எந்தக் கன்னத்துல மச்சம்னு. இடதுன்னா, லாரியப் பாத்துட்டுப் பேசறான், போன வை. மச்சமே இல்லியேங்கறவன்தான் அவளப் பாத்தவன். அவன என்கிட்ட குடு."

"பிரமாதம் மாமா!"

தெருவே பாராட்டியது. எதிர்க்கடைக்காரர் எழுந்து வந்து கை கொடுத்தார். "கருகின இடத்தையும் காசாக்கிட்டீரே, ஓய்!"

ரகசிய எழுத்து மாதிரியே வேலை செய்தது அந்தக் கேள்வி. இடது, இடது, இடது. ஒருவன் வலது என்றான், லாரியைக் கண்ணாடியில் பார்த்தானோ என்னவோ. வெட்டிய நம்பர்களையெல்லாம் மைத்துனன் போனில் தடுத்து வைத்தான். மச்சமே இல்லை என்று சொன்னவர்களும் உண்டு. அவர்கள் சொன்ன ஊர்களுக்கு அரைவிலையார் வண்டி பிடித்து ஓடினார். ஒரு ஊரில், மகளின் வயதுகூட இல்லாத ஒரு டீச்சர் கதவைத் திறந்தாள். இன்னொரு ஊரில் மகளைவிட ஒரு முழம் உயரமான ஒருத்தி. அவர் மன்னிப்புக் கேட்டுவிட்டுத் திரும்பினார். மச்சம் இல்லாத பெண்கள் உலகத்தில் நிறைய.

வீட்டில் மனைவி, "லாரியில அந்த வரியச் சேர்த்தீங்களா?" என்று கேட்பதை நிறுத்தவில்லை. அவர் பதில் சொல்வதை நிறுத்திவிட்டார்.

ஒரு சாயங்காலம் மைத்துனன் வெளியே போயிருந்தபோது போன் அடித்தது. அவரே எடுத்தார். ஒரு பெண் குரல், பின்னால் பஸ்களின் ஹாரன்.

"சார், லாரியில படம் போட்டிருக்கீங்களே, அந்தப் பொண்ணோட அப்பாங்களா? நான் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துல பொம்பளைங்களுக்கு ரூம் விடறேன். நாலு ரூம், கட்டில் வாடகை. அந்தப் பொண்ணு என்கிட்டதான் இருக்கு சார். இப்பத்தான் உங்க வண்டி தாண்டிப் போச்சு, பாத்ததும் தூக்கிவாரிப் போட்டுடுச்சு."

"அப்படியா. சந்தோஷம்," என்றார் அவர். குரலில் கடைத்தனம் வந்துவிட்டது. "மச்சம் எந்தக் கன்னத்துலம்மா?"

"மச்சமா..."

"ஆமா. என் பொண்ணுக்கு மச்சம் எந்தக் கன்னத்துல?"

"இடது... இடதுதான் சார். வண்டியில இருக்கற மாதிரியே. சார், இன்னொன்னு சொல்லணும், அந்தப் பொண்ணுக்கு நேத்து..."

"நேத்து என்ன, தலையில ரெண்டு கொம்பு முளைச்சுதா?" அவர் எழுந்தே நின்றுவிட்டார். "என் பொண்ணுக்கு மச்சமே கிடையாது. வயித்தெரிச்சல்ல இருக்கறவன்கிட்ட காசு பிடுங்கப் பாக்கறியே, உனக்கெல்லாம் பொண்ணு பிள்ள இல்லியா? வை போன."

அவள் வைப்பதற்குள் அவரே வைத்தார். அந்த நம்பரைத் தடுப்பது எப்படி என்று அவருக்குத் தெரியாது. மைத்துனன் வரும்வரை காத்திருந்து தடுக்க வைத்தார்.

*

இரண்டு வாரம் கழித்து லாரி டிரைவரிடமிருந்து போன்.

"முதலாளி, இங்க ஒரு அம்மா வண்டிக்கு முன்னாடி வந்து நிக்கறாங்க. நகர மாட்டேங்கறாங்க. பின்னாடி பஸ்காரன் எல்லாம் திட்டறான்."

"யாரது? என்னவாம்?"

"உங்ககிட்ட பேசணுமாம். நம்ம வண்டிப் படத்தத் தடவித் தடவிப் பாக்கறாங்க முதலாளி. எனக்கென்னமோ பயமா இருக்கு."

போன் கைமாறியது. அதே பஸ் ஸ்டாண்டு ஹாரன். அதே குரல், ஆனால் இந்தத் தடவை அவசரமே இல்லாமல் வந்தது.

"சார், இப்பத்தான் கிட்ட வந்து தொட்டுப் பாத்தேன். இது மச்சம் இல்ல சார். ஆணி. உங்க பொண்ணுக்கு மச்சம் இல்லதான். நீங்க சொன்னது சரி. அன்னிக்கு எனக்குத் தெரியல. செத்துக் கிடந்தப்பதான் முகத்த நல்லாப் பாத்தேன்."

அரைவிலையார் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. வாடிக்கையாளர் ஒருவர் கையில் ஒரு தொட்டியைத் தூக்கிக்கொண்டு, இதென்ன விலை, இதென்ன விலை என்று கேட்டுக்கொண்டே நின்றார்.

அந்த ஊர் அரசு ஆஸ்பத்திரியின் பிணவறை கட்டடத்தின் பின்பக்கம் இருந்தது. மகள் அங்கே வந்து ஐந்தாம் நாள். வாடகை அறையில் வேறு பெயர் கொடுத்திருந்தாள், எனவே இங்கேயும் அந்தப் பெயர்தான் காகிதத்தில். ஊழியர் துணியை விலக்கினார். அரைவிலையார் வேறெதையும் பார்ப்பதற்கு முன்னால் இடது கன்னத்தைத்தான் பார்த்தார். அதற்காகத் தன்னைத்தானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது. கன்னம் சுத்தமாக இருந்தது. மைத்துனன் சுவரில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

அறை விடுகிற அம்மா வெளியே வேப்பமரமோ வேறு என்ன மரமோ ஒன்றின் நிழலில் நின்றாள். ஐம்பது வயதிருக்கும். சாவிக்கொத்தை விரலில் மாட்டி வைத்திருந்தாள். அவர் பக்கத்தில் போய் நின்றதும், கேட்காமலேயே சொன்னாள்.

"அவ என் கண்ணு முன்னாடிதான் வந்து போயிட்டிருந்தா. ஆனா தலமுடிய எப்பவும் இந்த இடது பக்கம்தான் போட்டிருப்பா, கன்னத்த மூடிக்கிட்டு. நீங்க மச்சம் எந்தக் கன்னத்துலன்னு கேட்டீங்க. பெத்தவரே கேக்கறாரு, மச்சம் இருக்கப் போய்த்தானே கேக்கறாருன்னு நினைச்சேன். இல்லன்னு எப்படி சார் சொல்றது? அப்புறம் மச்சமே கிடையாதுன்னீங்க. சரி, இது வேற யாரோ பொண்ணுன்னு என் மனசும் நம்பிடுச்சு. இருந்தாலும் மறுநாள் கூப்பிட்டேன். போகல."

"தடுத்து வச்சிருந்தோம்," என்றார் அவர்.

"அன்னிக்கு இன்னொன்னு சொல்ல வந்தேன். அதுக்கு முந்தின நாள்தான் அவளுக்கு முதல் தடவையா வலிப்பு வந்துச்சு. எனக்கு என்ன செய்யறதுன்னே தெரியல. அவளே தெளிஞ்சு எந்திரிச்சு, ஒண்ணுமில்லக்கா, சாப்பிடலன்னு சொல்லிட்டா. அப்புறம் ஒரு ராத்திரி திரும்ப வந்திருக்கு, விடிஞ்சுதான் பாத்தேன். வலிப்பு நோய்க்காரின்னு யாராவது சொல்லியிருந்தா நான் ராத்திரி அவள தனியா விட்டிருப்பேனா? உங்க வண்டியில அதப் போட்டிருக்கலாமே சார். அவ்வளவு பெரிய எழுத்துல காசு போட்டிருக்கீங்க."

அந்த அம்மா அழைத்துப் போன அறையில் மகளின் கட்டில் ஜன்னலோரம் இருந்தது. விரிப்பை ஏற்கெனவே துவைத்துப் போட்டிருந்தார்கள். பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் டப்பா. அது அவர் கடை டப்பாவே. வீட்டிலிருந்து எடுத்துப் போயிருக்கிறாள். அடியில் அவருடைய ரகசிய எழுத்துச் சீட்டுகூட உரிக்காமல் இருந்தது. உள்ளே ஒரு சீப்பு, துணிக்கடையில் கணக்கெழுதும் வேலைக்கான அடையாள அட்டை, காகிதத்தில் மடித்த மாத்திரைகள். பிரித்தார்.

எல்லாம் பாதிப் பாதி. பிளேடால் நேராக, பொடி சிந்தாமல் வெட்டிய பாதிகள். இருந்த மாத்திரை இரண்டு மடங்கு நாளைக்கு வரட்டும் என்று வெட்டியிருக்கிறாள். காலையில் அரை, ராத்திரி அரை. எந்த ஒன்றையும் பாதிக்கு முடிக்கலாம் என்பதை அவளுக்கு யாரும் தனியாகச் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

அவர் கட்டிலில் உட்கார்ந்தார். கட்டில் கிறீச்சிட்டது. மைத்துனன், "மாமா, போலாம் மாமா," என்று தோளைத் தொட்டான். அவர் எழுந்திருக்கவில்லை. கொண்டுவந்திருந்த பையைத் திறந்து, ஐந்து லட்சத்தைக் கட்டுக் கட்டாகக் கட்டிலில் வைத்தார்.

அறை விடுகிற அம்மா ஒரு அடி பின்னால் நகர்ந்தாள். "கண்டுபிடிச்சுத் தரவங்களுக்குன்னுதானே எழுதியிருந்தீங்க. நான் எங்க சார் தந்தேன்?"

"வாங்கிக்கங்கம்மா."

"வேணாம். என் பாக்கி மட்டும் குடுங்க. ரெண்டு வாரக் கட்டில் வாடகை நிக்குது. ஆஸ்பத்திரிக்கு வண்டி பிடிச்சது நான். அவ கடைசியா என்கிட்ட கைமாத்தா வாங்கினது, மாத்திரை வாங்கணும்னு. அன்னிக்குக் கடை மூடியிருந்துச்சுன்னு திரும்பி வந்துட்டா. அந்தக் காசும் அவகிட்டதான் இருந்துது, ஆஸ்பத்திரியில குடுத்தாங்க. அத கழிச்சிட்டேன்." தொகையைச் சொன்னாள். அவர் வீட்டு மாதக் கரண்ட் பில் அளவுகூட வராது.

அவர் நோட்டை எண்ணினார். வாழ்நாளில் முதல் தடவையாக, சொன்ன தொகையைச் சொன்னபடி எண்ணினார். ஒரு நோட்டு கூடப் போய்விட்டது. அந்த அம்மா எண்ணிப் பார்த்து அதைத் திருப்பிக் கொடுத்தாள்.

*

காரியம் எல்லாம் முடிந்த பிறகு லாரியைக் கொட்டகைக்கு அனுப்பச் சொன்னவள் மனைவி. அந்த முகம் தெருவில் வந்து நிற்கும்போதெல்லாம் அவள் ஜன்னலை மூடிக்கொண்டிருந்தாள். மகள் செத்த பிறகு அவரோடு அவள் பேசியது அதுதான், அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

உரிப்பதையும் அவர் பக்கத்தில் நின்றே பார்த்தார். ஸ்டிக்கர்காரர் கூலி எவ்வளவு என்று சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. சூடு காட்டக் காட்ட வினைல் மெதுவாகக் கழன்று வந்தது. ரிவிட் இருந்த இடங்களில் எல்லாம் அதில் சின்னச் சின்னக் கிண்ணம் மாதிரிக் குழி விழுந்திருந்தது. தரையில் சுருண்டு கிடந்த முகத்தை ஸ்டிக்கர்காரர் காலால் தள்ளப் போய், நிறுத்தி, குனிந்து கையால் எடுத்து மடித்து வைத்தார்.

கன்னத்து ரிவிட்டில் மட்டும் கருகிய துண்டு வரவில்லை. ஸ்பிரிட் போட்டுத் தேய்த்தார், நகத்தால் சுரண்டினார். மற்ற இடமெல்லாம் வெறும் அலுமினியம் பளபளத்தது, நடுவில் மிளகளவு கறுப்பு மட்டும் நின்றது.

"இது தகட்டோட ஒட்டிப்போச்சு முதலாளி. ரிவிட்டயே துளை போட்டு எடுத்துட்டு வேற அடிச்சாத்தான் போகும். அடிச்சிடட்டுமா?"

"வேணாம்."

"அப்ப நான் அன்னிக்கே சொன்னது..." என்று ஆரம்பித்த ஸ்டிக்கர்காரர் அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "நான் அன்னிக்கு அந்த வரியச் சேர்த்திருக்கலாம் முதலாளி. விரல் கீபோர்டு மேலதான் இருந்துச்சு."

அரைவிலையார் அந்தக் கறுப்பின் மேல் கட்டைவிரலை ஓட்டினார். கடை மூடும் நேரத்தில் அன்றன்றைய வரவு செலவை மனதுக்குள் ஒரு தடவை ஓட்டிப் பார்ப்பது முப்பது வருஷப் பழக்கம். துக்கம் என்று அது நிற்கவில்லை. லாரியின் பக்கத்தில் நின்றபடியே ஓட ஆரம்பித்தது.

பரிசுத் தொகை ஐந்து லட்சம், வாங்க ஆளில்லாமல் கையிருப்பில். கட்டில் வாடகை, வண்டிக்கூலி, கைமாற்று, தீர்ந்தது. வினைலில் பேரம் பேசி மிச்சப்படுத்தியது பாதி. பொய் என்று வெட்டிய அழைப்புகள் அத்தனையும் பொய்தான், ஒன்றைத் தவிர. மாத்திரை, அரையாக, ஒன்பது. இரண்டிரண்டாகச் சேர்த்தால் நான்கு முழுசு, மீதி ஒரு அரை. அந்த அரைக்கு ஜோடி எங்கே என்று அவர் எத்தனை தடவை கூட்டிப் பார்த்தும் கணக்கு நேராகவில்லை. அது பாக்கி.